மணிக்கூடும் அரைப் பேரும்

கொழும்பிலிருந்து வரும் இரட்டைத் தண்டவாளம் ரம்புக்கனையோடு முடிந்து ஒற்றையாகிறது. மலை இங்கேதான் தொடங்குகிறது. இங்கிருந்து கடுகண்ணாவை வரை பன்னிரண்டு மைல். ஏறக்குறைய 1,400 அடி ஏற்றம். நாற்பத்தைந்து அடி முன்னே போனால் ஓர் அடி மேலே போயிருப்போம். நீராவிக் காலத்தில் ஒற்றை இயந்திரத்துக்கு அந்த ஏற்றம் தாங்காது. அதனால் ரம்புக்கனையில் வண்டியை நிறுத்தி, பின்னால் தள்ளுவதற்கு இன்னோர் இயந்திரத்தைக் கோப்பார்கள். கோத்து முடியும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பை நான் அடிக்கடி மனதில் ஓட்டிப் பார்ப்பதுண்டு. முதல் வகுப்பில் இருக்கும் துரை, சட்டைப் பையிலிருந்து சங்கிலியை இழுத்துத் தங்க மணிக்கூட்டை எடுக்கிறார். மூடியைத் திறக்காமலே விளிம்பில் இருக்கும் சிறு பிடியை நகத்தால் தள்ளுகிறார். உள்ளே மெல்லிய ஒலியில் மணி எண்ணப்படுகிறது. பிளாட்பாரத்தில் கார்ட் தன்னுடைய சாதாரண நிக்கல் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அவருடையது பாடாது, ஆனால் பிந்தவும் கூடாது. மூன்றாம் வகுப்பில் மூட்டை முடிச்சோடு குந்தியிருப்பவர்களிடம் எடுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்த பிறகு மண்டபம் முகாமைக் கடந்து தனுஷ்கோடியில் கப்பலேறி, பொல்கஹவெலையில் இந்தப் பாதைக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். நிலையத்தில் மணி அடித்தால் வண்டி புறப்படும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

தமிழில் 'மணி' என்றால் அடிக்கிற மணியும் மணிதான், பார்க்கிற மணியும் மணிதான். இந்தியாவில் கடிகாரம் என்பதை இலங்கையில் நாம் மணிக்கூடு என்கிறோம். மணிக்கு ஒரு கூடு. மணி என்பது முதலில் காதில் விழுந்த ஒன்று, பிறகுதான் முள்ளும் எண்ணுமாகிக் கண்ணுக்கு வந்தது என்பதை இந்தச் சொல் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கூடு யாருடைய பையில் இருந்தது என்பதை அது சொல்வதில்லை. இந்த ஊர்ப் பக்கத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் இடையே எது மாறியது, எது மாறவில்லை என்பது அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ரயிலுக்கு முந்திய காலத்திலிருந்து தொடங்குவோம். 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தப் பக்கத்து மலைகளில் காலம் கழித்தவர் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். தப்பிப்போய் 1681இல் லண்டனில் தன் நூலை அச்சிட்டார். கண்டி இராச்சியத்து மக்களிடம் மணிக்கூடும் இல்லை, நிழற்கடிகாரமும் இல்லை, எல்லாம் உத்தேசக் கணக்கு என்று அதில் எழுதுகிறார். அரசனிடம் மட்டும் ஒரு கருவி இருந்தது. அடியில் நுண்துளை போட்ட செப்புக் கிண்ணம். அதை மண்பானைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். நீர் ஊறி நிரம்பிக் கிண்ணம் முழுகினால் ஒரு 'பைய' முடிந்தது. எடுத்துக் கொட்டி மறுபடி மிதக்க விட வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று அரசன் ஓர் ஆளை வைத்திருந்தான்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கன்னலைப் பார்த்து நேரம் சொல்ல ஆட்கள் உண்டு. ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு அறுபது. அங்கேயும் கன்னல் அரசனுடையதே. குடிகளுக்குச் சூரியன் இருந்தது, சேவல் இருந்தது, பூ இருந்தது. மாலை நான்கு மணியளவில் விரிந்து விடியலில் மூடும் பூ ஒன்றைப் பார்த்தே ஊரார் நேரம் சொன்னார்கள் என்று நொக்ஸ் எழுதுவது நம் வேலியோரத்து அந்திமந்தாரையைத்தான்.

நொக்ஸின் புத்தகம் வெளிவந்து ஆறே ஆண்டுகளில், அதே லண்டனில், இருட்டில் கேட்டாலும் மணி சொல்லும் பைக்கடிகாரத்துக்காக ஒரு வழக்கு நடந்தது. எட்வர்ட் பார்லோ என்பவர் அதற்குக் காப்புரிமை கேட்டார். டானியல் குவார் என்ற கடிகாரக்காரர் தானும் அதைச் செய்திருப்பதாக எதிர்த்தார். 1687இல் இரண்டு கடிகாரங்களும் மன்னர் இரண்டாம் ஜேம்ஸிடம் போயின. பார்லோவுடையதில் மணியைக் கேட்க ஒரு முறையும் கால் மணிகளைக் கேட்க ஒரு முறையுமாக இரண்டு தடவை அழுத்த வேண்டும். குவாருடையதில் ஓர் அழுத்தலே போதும். மன்னர் குவார் பக்கம் நின்றார். செப்புக் கிண்ணத்துக்கு ஆள் வைத்திருந்த கண்டி அரசனுக்கும், எந்தக் கடிகாரம் நன்றாக மணி சொல்கிறது என்று காதில் வைத்துப் பார்த்த இங்கிலாந்து அரசனுக்கும் இடையே நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. இருவருக்கும் நேரம் கேட்டவுடன் வரவேண்டும், அவ்வளவே.

இந்தக் கடிகாரங்களின் உட்புறத்தைக் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது. மனிதன் கையால் செய்ததில் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு அறிவை அடைத்த பொருள்கள் அதிகமில்லை. மணி காட்டும் பொறிக்குச் சுருள்வில் ஒன்று. மணி அடிக்கும் பொறிக்குத் தனியாக இன்னொன்று. விளிம்பிலுள்ள பிடியைத் தள்ளும்போது நீங்களே அந்த இரண்டாவது வில்லை முறுக்குகிறீர்கள். உள்ளே நத்தை ஓடு போலப் படிப்படியாக வெட்டிய தகடுகள் முட்களோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கும். தொழிற்காரர்களும் அதை நத்தை என்றே அழைப்பார்கள். மணிக்கு ஒரு நத்தை, காலுக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று. பிடியைத் தள்ளியதும் பல்வரிசை கொண்ட கைகள் நத்தையின் மேல் விழுந்து, அது எத்தனையாவது படியில் நிற்கிறது என்று தடவிப் பார்க்கும். எத்தனை படி இறங்கியதோ அத்தனை அடி. மணிக்குத் தாழ்ந்த சுரம். காலுக்கு உயரமும் தாழ்வுமாக இரட்டைச் சுரம். நிமிடத்துக்கு உயர்ந்த சுரம். 3.49 என்றால் மூன்று தாழ்ந்த அடி, மூன்று இரட்டை அடி, நான்கு உயர்ந்த அடி. மிக நீளமாகப் பாடுவது 12.59க்கு. பன்னிரண்டு, பிறகு மூன்று இரட்டை, பிறகு பதினான்கு.

ஆரம்பத்தில் உள்ளே உண்மையாகவே குட்டி மணி ஒன்று இருந்தது. அதனால் கடிகாரம் தடித்துப் பருத்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் பிரெகே என்ற கடிகாரக்காரர் அந்த மணியை எடுத்துவிட்டு, பொறியைச் சுற்றி வளையும் எஃகுக் கம்பியை வைத்தார். சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். ஒலி இனிமையானது, கடிகாரம் மெலிந்து சட்டைப் பைக்குள் அடங்கியது. ஒலியே எழாமல் கூட்டின் சுவரில் தட்டி, கையில் அதிர்வை மட்டும் உணரச் செய்யும் ஊமைக் கடிகாரங்களும் உண்டு. சபையில் இருந்துகொண்டு யாருக்கும் தெரியாமல் நேரம் பார்ப்பதற்கு.

இத்தனையும் எதற்கு? இருட்டுக்காக. தீக்குச்சி இல்லாத காலத்தில் நள்ளிரவில் விளக்கேற்றுவது சிக்கிமுக்கியோடு செய்யும் போராட்டம். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து அழுத்தினால் மணி தெரிந்துவிடும். ஆனால் 1867இல் கண்டிக்கு ரயில் போனபோது தீப்பெட்டி வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே ரம்புக்கனையில் காத்திருந்த துரையின் பையில் ஒலித்த தங்க மணிக்கூட்டுக்கு இருட்டு ஒரு சாக்குதான். பதினெட்டுக் கரட் தங்கக் கூடும் உள்ளிருந்து வரும் பாட்டும் அவர் யார் என்று சொல்வதற்கே.

அந்தப் பாடத்தைத் துரையின் தோட்டத்தில் முதலில் படித்துக்கொண்டவர், தொழிலாளரைத் திரட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணி. பழைய படங்களில் அவரைப் பார்க்கலாம். தலைப்பாகை, கடுக்கன், வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட், கையில் குடை, கோட்டின் குறுக்கே தொங்கும் சங்கிலி. சங்கிலியின் நுனியில் இருக்கும் மணிக்கூடு பாடுமோ பாடாதோ, சங்கிலி மட்டும் வெளியே தெரிய வேண்டும். அந்தச் சங்கிலிக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பது கணக்கிலேயே இருக்கிறது. தன் ஆட்களில் அன்றைக்கு வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் தோட்டம் அவருக்குச் சில சதம் கொடுத்தது. தலைக்காசு, பென்ஸ் காசு என்பார்கள். சில்லறைக் கங்காணி முதல் பெரிய கங்காணி வரை அதில் பங்கு உண்டு. நூறு பேர் விடிய முன் தாங்கள் குடியிருந்த லயத்தைவிட்டு வெளியே வந்தால்தான் கோட்டுப் பையில் மணிக்கூடு ஓடும். ஆட்களின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. சங்கிலி அதற்குப் பிறகும் நெடுநாள் தொங்கியது.

லயத்தில் இருந்தவர்களுக்கு மணி எப்படி வந்தது? தப்புப் பறையில் வந்தது. விடியலுக்கு முன் தப்பு அடிப்பார்கள். சில இடங்களில் கொம்பு ஊதுவார்கள். எழுந்து, இருட்டிலேயே அடுப்பு மூட்டி, ரொட்டியோ பழைய சோறோ கட்டிக்கொண்டு, ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். அங்கே கணக்குப்பிள்ளை செக்றோல் என்ற பெயர்ப் பதிவேட்டோடு நிற்பார். நேரத்துக்கு வந்தவருக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். பிந்தியவரைத் திருப்பி அனுப்பலாம், அல்லது அரைப் பேர். 'இன்றைக்கு எனக்கு அரைப் பேர்தான் போட்டார்கள்' என்று தோட்டத்தில் யாரும் சொன்னால் அது சம்பளக் கணக்கு. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மனிதனையே பாதியாகக் குறைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது. பிந்தியது எத்தனை நிமிடம் என்று கேட்க அவரிடம் கடிகாரம் இல்லை. கடிகாரம் இருந்தவரிடம் கேட்க வாய் இல்லை.

ரம்புக்கனை இருக்கும் கேகாலைப் பக்கம் பெரும்பாலும் இறப்பர். 1876இல் பிரேசில் விதையிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் கம்பஹாவில் ஹெனரத்கொடைக்கு வந்து, அங்கிருந்து பரவிய மரம். தேயிலையைவிட இறப்பர் நேரத்தில் கறாரானது. பட்டைக்குள் பால் நிற்கும் அழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலை நீரை இழுக்கத் தொடங்கினால் வடிவது குறையும். ஆகவே பால் வெட்டுகிறவர் சூரியனுக்கு முந்தி மரத்தடியில் நிற்க வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டில்லை. இந்த விஷயத்தில் துரையின் தங்க மணிக்கூடும் மரத்துக்கு அடங்கியது.

மரம் நேரத்தை மாற்றவில்லை, அரசாங்கங்கள் மாற்றின. இலங்கையின் நேரம் முதலில் கிரீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 வினாடி முன்னே இருந்தது. 1906 ஜனவரி 1ஆம் திகதி அதை ஐந்தரை மணியாக்கினார்கள். அன்றைக்கு நாட்டிலுள்ள ஒவ்வொரு மணிக்கூட்டையும் 10 நிமிடம் 28 வினாடி முன்னே தள்ள வேண்டியிருந்தது. யுத்தத்துக்காக 1942 ஜனவரியில் அரை மணி, செப்டெம்பரில் இன்னோர் அரை மணி ஏற்றினார்கள். 1945 ஒக்டோபரில் இரண்டையும் இறக்கினார்கள். 1996 மே 25ஆம் திகதி, மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக ஒரு மணித்தியாலம் முன்னே. ஐந்து மாதத்தில் அரை மணி பின்னே. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி மீதி அரை மணியும் பின்னே. 1900இல் வாங்கிய ஒரு மணிக்கூடு இன்றுவரை ஒரே வீட்டில் ஓடியிருந்தால், அது கெட்டுப்போகாமலே ஏழு தடவை திருத்தப்பட்டிருக்கும்.

1996க்குப் பிந்திய அந்தப் பத்து ஆண்டும் ஊரில் நேரம் கேட்டால் 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று திருப்பிக் கேட்பது வழக்கமாயிற்று. வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. ஒரே தீவில் இரண்டு மணி. இறப்பர் மலையில் எந்த மணியானாலும் பால் விடியலிலேயே வடிந்தது.

கொழும்பின் பெரிய மணிக்கூடு ஒன்றின் கதையும் இங்கே பொருந்தும். கோட்டையில் 1857இல் மணிக்கூட்டுக் கோபுரம் கட்டினார்கள். லண்டன் பிக் பென்னைச் செய்த டென்ட் நிறுவனத்திடம் அதற்கு ஒரு புதிய கடிகாரத்தைப் பிறகு செய்வித்தார்கள். பூட்டுவதற்குச் செலவாகும் என்று அதை நாற்பது ஆண்டுகள் களஞ்சியத்தில் போட்டுவிட்டு, 1914இல்தான் ஏற்றினார்கள். தோட்டத்தில் ஐந்து நிமிடம் பிந்தியவருக்கு அரைப் பேர் போட்ட அதே காலம்.

பைக்கடிகாரத்தைச் சாதாரண ஆள் வாங்கக்கூடிய பொருளாக்கியது தங்கம் அல்ல, மலிவான உலோகம். அமெரிக்காவில் இங்கர்சோல் நிறுவனம் 1890களில் ஒரு டொலருக்குப் பைக்கடிகாரம் விற்றது. காந்தியின் இடுப்பில் தொங்கியது இங்கர்சோல் என்று பலர் சொல்வார்கள். அவரிடம் ஸெனித் நிறுவனத்து வெள்ளிக் கடிகாரம் ஒன்றும் இருந்தது. அதில் குறித்த நேரத்தில் எழுப்பும் மணி உண்டு. 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்து மலையகத்திலும் பேசினார். கோட்டு இல்லாதவரும் கடிகாரம் வைத்திருக்கலாம் என்பதை அவர் இடுப்பைப் பார்த்தவர்கள் கண்டிருப்பார்கள். அந்த ஸெனித், அவருடைய கண்ணாடி, செருப்பு, கிண்ணத்தோடு சேர்த்து 2009இல் நியூயோர்க்கில் 18 லட்சம் டொலருக்கு ஏலம் போனது. பாடும் தங்கக் கடிகாரங்களின் விலை இன்னொரு உலகம். 1933இல் பட்டேக் பிலிப், ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கச் செல்வருக்குச் செய்து கொடுத்தது பிக் பென்னின் மெட்டிலேயே பாடும். 2014இல் ஜெனீவாவில் அது 2 கோடியே 40 லட்சம் டொலருக்கு விற்றது. இப்போது அதை யாரும் இருட்டில் அழுத்திப் பார்க்கப் போவதில்லை. பெட்டகத்துக்குள் இருக்கும்.

இன்றைய ரம்புக்கனைக்கு வருவோம். டீசல் இயந்திரங்கள் 1950களில் வந்தபின் பின்னால் தள்ளும் இயந்திரத்தின் தேவை குறைந்தது. ஏற்றத்தின் மறுமுனையில், கடுகண்ணாவையில், 2014இலிருந்து ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. காத்திருந்து மணிக்கூடு பார்த்த காலத்தின் இயந்திரங்கள் அங்கே காட்சிக்கு நிற்கின்றன. ஊர் இப்போது கீழ்நோக்கி ஓடுகிறது. விடியற்காலை இங்கிருந்து கோட்டைக்குப் புறப்படும் அலுவலக ரயில்கள்தான் இதன் தப்பு. பக்கத்தில் 1975இல் தொடங்கிய பின்னவலை யானைகள் சரணாலயத்தில் யானைகளுக்கும் மணி உண்டு. காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் மகா ஓயாவில் குளிப்பு. வெளிநாட்டுக்காரர் கைபேசியில் நேரம் பார்த்துக் காத்திருப்பார்கள்.

கைபேசி எல்லோரிடமும் வந்துவிட்டது. அதில் முள்ளைத் திருப்பும் வேலை இல்லை. நேரம் கோபுரத்திலிருந்து தானாக வருகிறது. பால் வெட்டுகிறவரின் தலைமாட்டிலும் அது ஒலிக்கிறது, விரும்பிய பாட்டோடு. மன்னர் இரண்டாம் ஜேம்ஸிடம் இருந்ததைவிடத் துல்லியமான, பாடும் கடிகாரம் இன்று லயத்தில் இருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. 'நான் பிந்தவில்லை, பாருங்கள்' என்று கையை நீட்டிக் காட்ட இன்றைக்கு அவரிடம் ஒன்று இருக்கிறது.

ஆனால் அரைப் பேர் போகவில்லை. கொழுந்துத் தோட்டங்களில் நிர்ணயித்த கிலோ குறைந்தால் இன்றும் அரைப் பேர்தான். மணிக்கூட்டிலிருந்து கணக்கு தராசுக்கு நகர்ந்துவிட்டது. நேரத்துக்கு வந்தும் பாதி ஆளாகலாம்.

இருட்டும் ஒருமுறை திரும்பி வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. சார்ஜ் இறங்கிய கைபேசி இருட்டில் வெறும் கண்ணாடிச் சில்லு. பழைய சாவிக் கடிகாரம் வைத்திருந்தவர்கள் அதை எடுத்து முறுக்கினார்கள். அடுத்த மாதம் 19ஆம் திகதி, எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராக ரம்புக்கனையில் மக்கள் ரயில் பாதையை மறித்தார்கள். மணிக்கணக்காக ரயில் நின்றது. பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். நேரத்துக்கு நிற்பதும் நேரத்துக்குப் போவதுமே பிழைப்பான ஊர் அது.

அந்த நெருக்கடியில்தான் தங்கமும் வெளியே வந்தது. அடகுக் கடைகளில் தாலிக்கொடியும் காப்பும் போன அதே தட்டில் பழைய மணிக்கூடும் போகும். அடகுக்காரர் பார்ப்பது கூட்டின் எடையை. பொறியைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, கூட்டை உருக்க அனுப்பினால் நூற்றைம்பது ஆண்டு நத்தைகளும் சுத்தியல்களும் பித்தளைக் குப்பை. பழைய சாவிக் கடிகாரத்தைக் கண்ணில் குமிழ்க் கண்ணாடி வைத்துத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். மணிக்கூடு திருத்திய கடைகள் இப்போது பற்றரி மாற்றுகின்றன, கைபேசிக் கண்ணாடி ஒட்டுகின்றன.

உங்கள் வீட்டுப் பெட்டியில், அல்லது 1964ஆம் ஆண்டின் இலங்கை–இந்தியக் குடியுரிமை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறித் தமிழ்நாடு போன உறவினர் வீட்டில், சங்கிலியோடு ஒரு பைக்கடிகாரம் கிடந்தால் இதைச் செய்யுங்கள். எடை போடக் கொடுக்காதீர்கள். விளிம்பில் தள்ளும் பிடியோ அழுத்தும் குமிழோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், அழுக்கு எடுக்காத பொறியை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எண்ணெய் வறண்ட பல் உடைந்துவிடலாம். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது முள்ளைத் திருப்பவே கூடாது. பின்மூடியைத் தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து, உள்ளே இருக்கும் பெயரையும் இலக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த வருடம், எப்படிக் கைக்கு வந்தது என்று வீட்டிலிருக்கும் மூத்தவரைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி, அந்த மணிக்கூட்டோடு சேர்த்து வையுங்கள். கேட்க வேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.